சட்டசபையும் சாலையும்: ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார்



நான் தலைமையாசிரியப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பணியின் இறுதி ஆண்டில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் நம் பக்கத்து வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் இடையே, “இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிட மக்களைப் பஸ்ஸில் ஏற்றிச் செல்லவேண்டும் என்று உத்தரவிட்டார்” என்று கூறினேன். உடனே ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, பஸ்ஸில் ஏறுவதற்கு உத்தரவு எதற்கு? காசு கொடுத்தால் ஏற்றிக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பு எனக்கு மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருங்கே அளித்தது. பஸ்ஸில் ஏறத் தடை இருந்தது என்பதை நம்பவே முடியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டதே என்பது மகிழ்ச்சி. அந்தத் தடையை நீக்கியவர் யார், எவ்வாறு நீக்கினார் என்பதை அறியாமலே வளர்ந்துவிட்டதே என்பது கவலை. அன்று மணி அடித்துவிட்டது. அந்த மாணவனுக்கு முழு விடை சொல்ல இயலவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் அனைவருக்கும் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் இந்த நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். எங்கள் எம். ரெட்டியபட்டி அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியிலுள்ள வானம் பார்த்த பூமி. பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கரிசல் நிலம் பிளந்து கிடக்கும். பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் சோளமும் இந்த மண்ணின் செல்வங்கள். விளைந்ததை விற்கவும், வேண்டியதை வாங்கவும், நோய்க்கு மருந்து தேடவும், வழக்குக்கு ஆஜராகவும் மக்கள் அருப்புக்கோட்டைக்கோ அதற்கு அப்பாலோ போகவேண்டும். 1910-ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டது. அந்தப் பெரிய ஜில்லாவில் எங்கள் பக்கமும் அடங்கியிருந்தது. இன்று நாங்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டம் 1985-இல்தான் தனியே பிரிக்கப்பட்டது.

என் பாட்டனார் காலத்தில் அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவர்கள் கோழி கூப்பிடும் வேளையில் புறப்படுவார்களாம். மாட்டுவண்டி உள்ளவர் வண்டியில் போவார். இல்லாதவர் தலைச்சுமையுடன் நடப்பார். 1920-களில் நம் ஜில்லாச் சாலைகளில் தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கியபோது, ஒரு நாள் வழி சில நாழிகை வழியாகச் சுருங்கிற்று. ஆயினும் அந்தச் சுருக்கம் எல்லோருக்கும் கிட்டவில்லை. கையில் காசு வைத்திருந்தாலும், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பஸ்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். பஸ் வருவதற்கு முன்பு எல்லோரும் நடந்தார்கள். பஸ் வந்தபின் சிலர் மட்டும் நடந்தார்கள். புதிய வசதி ஒன்று நாட்டுக்குள் வரும்போது, பழைய பேதமும் அதிலேயே ஏறிக்கொண்டு வந்துவிடுவதுண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்ற முன்வந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள் பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. இப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. பழனிமலைச் சரிவின் காப்பித் தோட்டங்களோடும் காப்பி வியாபாரத்தோடும் தொடர்புடைய செல்வக் குடும்பம் அவருடையது. அவர் பிறந்த நாடார் சமூகமோ, வாணிகத்தால் செல்வம் சேர்த்தும், சமுதாயத்தில் உரிய மதிப்பைப் பெறாமல் போராடிக்கொண்டிருந்தது.

அந்தப் போராட்டத்தின் ஒரு பெரிய களம் எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லை. 1897-ஆம் ஆண்டு மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் சென்று வழிபட்டனர். அதை எதிர்த்து, கோயிலின் தர்மகர்த்தா என்ற முறையில் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு மதுரையில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கிருந்து கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒவ்வொரு படியிலும் நாடார்களுக்குத் தோல்வியே கிடைத்தது. 1908-இல் பிரிவி கவுன்சில் இறுதித் தீர்ப்பளித்தபோது சௌந்தரபாண்டியன் பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார். வாயிற்படியில் நிறுத்தி வைக்கப்படுவது என்றால் என்ன என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இனி, அவர் சட்டசபைக்குள் வந்த வரலாற்றைக் காண்போம். 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சி முறையை ஏற்படுத்தியது. கல்வி, பொதுச் சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள் முதலிய இலாகாக்கள் இந்திய மந்திரிகளிடம் விடப்பட்டன. நிதி, காவல் போன்றவை கவர்னரின் நிர்வாக சபையிடமே இருந்தன. சென்னைச் சட்டசபையில், நிர்வாக சபையினர் நீங்கலாக, 127 உறுப்பினர் இருந்தனர். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 29 பேர் நியமனம் பெற்றவர்கள். சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்குரிமை. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் ஏறத்தாழ 12½ லட்சம் பேரே வாக்காளர் எனின், அந்தச் சபை எத்தகையது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். ஒத்துழையாமை இயக்கத்தை மேற்கொண்டிருந்த காங்கிரஸ் அந்தத் தேர்தலில் ஈடுபடவில்லை. நீதிக்கட்சி வெற்றி பெற்று, 1920 டிசம்பரில் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை முதல் மந்திரியாகக் கொண்ட மந்திரிசபை அமைந்தது.

அந்த 1920-ஆம் ஆண்டிலேயே சௌந்தரபாண்டியன் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். வயது இருபத்தேழு. நாடார் சமூகத்திலிருந்து சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் உறுப்பினர் அவரே. வாக்கினால் வந்த பதவியன்று. கவர்னர் அளித்த பதவி. ஆகவே அது மக்களாட்சியின் முழு மலர்ச்சி என்று நான் கூறமாட்டேன். ஆனால் நேர்மையோடு எடைபோடும் வரலாற்று மாணவன், ஒருவருக்குப் பதவி எப்படி வந்தது என்று கேட்பதோடு, வந்த பதவியைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்றும் கேட்கவேண்டும். அடுத்த ஆண்டில், அதாவது 1921-இல், அரசாங்கக் குறிப்புகளில் அச்சமூகத்தின் பெயர் அவர்கள் விரும்பிய வண்ணம் ‘நாடார்’ என்று மாற்றப்பட்டது. தம் மக்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த மதிப்பில் ஒரு பகுதி கிடைத்துவிட்டது. இத்துடன் நிறைவுற்றுத் தம் தோட்டத்தையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு அவர் இருந்திருக்கலாம். மேலே ஏறியவர்கள் ஏணியைத் தூக்கிக்கொள்வது உலகத்தில் காணாத காட்சியன்று.

அதே சட்டசபையில் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலும் ஒலிக்கத் தொடங்கியிருந்தது. எம். சி. இராஜா 1920-இலும், இரட்டைமலை சீனிவாசன் 1923-இலும் உறுப்பினராயினர். 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். சபை அதனை ஏற்றுக்கொண்டது. அரசாங்கமும் உத்தரவு பிறப்பித்தது. சென்னைக் கோட்டையில் நிறைவேறிய அந்தத் தீர்மானம், இராமநாதபுரம் ஜில்லாவின் கரிசல் காட்டுச் சாலைக்கு வந்து சேர வேண்டுமே! காகிதத்தில் உள்ள உரிமை காலடியில் உள்ள உரிமையாக மாறுவதற்கு இடையிலே ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகச் சௌந்தரபாண்டியன் அமைந்தார் என்பதே என் கருத்து.

1920-களின் பிற்பகுதியில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரானார். ஜில்லா போர்டு என்னும் ஸ்தாபனம் இப்போது இல்லை; ஆதலால் அதன் அதிகாரத்தை மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஜில்லாவின் முக்கியச் சாலைகளைப் போட்டுப் பராமரிப்பதும், உயர்நிலைப் பள்ளிகளையும் மருத்துவசாலைகளையும் நடத்துவதும் போர்டின் கடமைகள். மக்கள் செலுத்தும் வரியே அதன் வருமானம். போர்டுச் சாலைகளில் பஸ் ஓட்ட விரும்புகிறவர் போர்டினிடமே லைசென்ஸ் பெறவேண்டும். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின்னர் வந்த முறை வேறு.

சௌந்தரபாண்டியன் இந்த லைசென்ஸ் என்னும் சிறு சாவியைக் கையில் எடுத்தார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ் உரிமையாளரின் லைசென்ஸ் ரத்துச் செய்யப்படும் என்று உத்தரவிட்டார். உத்தரவு இவ்வளவே. ஆனால் அதனுள் எவ்வளவு நுட்பம் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

சாலை யாருடையது? எல்லோருடைய வரியாலும் போடப்பட்ட சாலை. அந்தச் சாலையின்மேல் ஓடித்தான் பஸ்காரர் பணம் சம்பாதிக்கிறார். பொதுச் சாலை எல்லோருக்கும் உரியது என்று சட்டசபை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. பொதுச் சாலையைக் கொண்டு தொழில் செய்கிறவர், பொதுமக்களில் ஒரு பகுதியினரை வேண்டாம் என்று தள்ளுவதற்கு என்ன நியாயம் இருக்கமுடியும்?

மற்றொரு நுட்பமும் உண்டு. “எனக்கு ஆட்சேபம் இல்லை, நான் ஏற்றினால் மற்றவர்கள் என் பஸ்ஸில் ஏறமாட்டார்களே, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார்களே” என்பதுதான் இத்தகைய இடங்களில் வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். ஒருவர் மட்டும் நல்லவராக இருந்தால் அவருக்கு நஷ்டம் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாப் பஸ்களுக்கும் ஒரே விதி என்றாகிவிட்டால், எந்த உரிமையாளருக்கும் தனி நஷ்டம் இல்லை. நியாயம் செய்ய விரும்புகிறவருக்குத் துணையும் கிடைத்துவிடுகிறது. விரும்பாத பிரயாணி என்ன செய்வார்? பக்கத்தில் அமர்ந்து வருவார். அல்லது இறங்கி நடப்பார். நடக்கும் முறை இப்போது அவருடையது! சட்டம் என்பது தீயவரைத் தண்டிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. துணிவில்லாத நல்லவருக்குத் துணிவு தருவதற்கும் ஏற்பட்டது. குடிமையியல் பாடத்தில் இதனை நீங்கள் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் நாள். வைத்தியநாத ஐயரின் தலைமையில் அன்று உள்ளே சென்றவர்களுள் ஆதிதிராவிட மக்களும் இருந்தனர். நாடார் ஒருவரும் இருந்தார். ஆகவே, தம் சமூகத்தவர்க்குப் பெருங்கோயில்களின் கதவு திறக்கப்படாதிருந்த காலத்திலேயே சௌந்தரபாண்டியன் பிறருக்குப் பஸ்ஸின் கதவைத் திறந்துவிட்டார் என்பது விளங்கும். ‘எனக்குக் கிடைத்த பிறகு உனக்கு’ என்று அவர் காத்திருக்கவில்லை. அவருடைய பொதுவாழ்வில் நான் மிகவும் மதிப்பது இதனையே.

1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17, 18 ஆகிய நாட்களில் செங்கற்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இவரே. சாதிப் பட்டங்களைப் பெயருடன் சேர்த்துக்கொள்ளலாகாது, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்பன போன்ற தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. அந்த இயக்கத்தின் எல்லாக் கொள்கைகளையும் எல்லோரும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது என்பதை நினைத்தால், ஒரு தீர்மானம் சட்டமாகக் கனிய அறுபது ஆண்டுகள் பிடித்தன என்பது தெரியும். அந்த அறுபது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் பிறந்து, வாழ்ந்து, மறைந்தார்கள்! அதனோடு ஒப்பிட்டால் ஜில்லா போர்டின் உத்தரவு எவ்வளவு விரைவானது! தம் கைக்கு எட்டும் இடத்தில், தம் காலத்திலேயே செய்யக்கூடியதைச் செய்துவிடுவதன் அருமை இப்போது புலனாகும்.

உலக வரலாறு படிக்கும் மாணவர்கள் இதே போன்ற ஒரு நிகழ்ச்சியை அமெரிக்காவில் காண்பார்கள். அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில், 1955 டிசம்பர் முதல் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் நீக்ரோ இனத்துப் பெண்மணி, வெள்ளையர் ஒருவருக்காகப் பஸ்ஸில் தம் இடத்தைவிட்டு எழ மறுத்துக் கைதானார். அவ்வின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே சென்றனர். மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளைஞர் அப்போதுதான் தலைவராக உருவானார். முடிவில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே அலபாமாவில், உள்நாட்டுப் போருக்குப் பின், 1868 முதல் கறுப்பின மக்கள் மாநிலச் சட்டசபையிலேயே உறுப்பினராக அமர்ந்திருந்தனர்! பின்னர், 1901-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு அவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்துவிட்டது. சட்டசபையில் ஆசனம் பெற்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பஸ்ஸில் ஓர் ஆசனத்துக்காகப் போராட நேர்ந்தது. பெற்ற உரிமை தானாகவே நிலைத்து நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. நினைவில் வைத்துக் காத்தால்தான் அது நிற்கும். என் வகுப்பு சிரித்தபோது நான் கவலையுற்றதற்குக் காரணம் இதுவே.

உத்தரவினால் எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இதற்கு என் அனுபவம் ஒன்றையே விடையாகச் சொல்கிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த காலம். 1980-களின் தொடக்கம். ஒரு நாள் மாலை, ஊர் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. முதியவர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உட்காருங்கள், பெரியவரே” என்றேன். “இருக்கட்டும் வாத்தியாரய்யா, நான் எறங்குற இடம் வந்திருச்சு” என்றார். அவர் இறங்கும் இடம் வரவில்லை. பஸ் ஐந்தாறு ஊர்களைக் கடந்தது. அவர் நின்றுகொண்டே வந்தார். காலியான இடம் காலியாகவே வந்தது. பஸ்ஸில் இருந்த நாங்கள் அனைவரும் அதற்குக் காரணம் அறிவோம். ஒருவரும் பேசவில்லை. நான் எழுந்து அவர் கையைப் பற்றி உட்கார வைத்திருக்கலாம். அல்லது அவருடன் நானும் நின்றுகொண்டு வந்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம், 17-ஆம் பிரிவுகளைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அந்தப் பாடம் வரும்போதெல்லாம் அந்தப் பெரியவர் என் வகுப்பில் வந்து நின்றுகொண்டிருப்பார். சௌந்தரபாண்டியனின் உத்தரவு அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. அவரை உட்கார வைக்கும் வேலை ஜில்லா போர்டால் ஆவதன்று. அது பக்கத்தில் அமர்ந்திருந்த என்னால் ஆகவேண்டிய வேலை.

சௌந்தரபாண்டியன் 1953-ஆம் ஆண்டில் மறைந்தார். சென்னைத் தியாகராய நகரில் மக்கள் ‘பாண்டி பஜார்’ என்று வழங்கும் கடைவீதிக்குச் ‘சௌந்தரபாண்டியன் அங்காடி’ என்ற பெயர் உண்டு. பண்டிகைக்குத் துணி எடுக்க அங்கே செல்லும் ஆயிரக்கணக்கானவர்களுள் அந்தப் பெயருக்குரியவரை நினைப்பவர் மிகச் சிலராகவே இருப்பர். அதனால் குறையொன்றுமில்லை. எங்கள் கரிசல் காட்டுச் சாலையில் காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸே அவருக்குச் சிறந்த நினைவுச் சின்னம் என்பது என் எண்ணம். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது என்று அதில் யாரும் கேட்பதில்லை.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை சட்டசபைக்குப் போகலாம், பலர் போகமாட்டீர்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஏதேனும் ஒரு சிறு சாவி ஒரு நாள் வந்து சேரும். ஒரு அலுவலகத்தின் முத்திரையாகவோ, ஒரு பள்ளியின் வருகைப் பதிவேடாகவோ, ஒரு கடையின் கல்லாப் பெட்டியாகவோ அது இருக்கலாம். அன்று, வெளியே நிற்பவர் யார் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போது பக்கத்து இடம் காலியாயிருந்து, முதியவர் ஒருவர் நின்றுகொண்டு வந்தால், ஒரு முறை சொல்லிவிட்டு நான் இருந்ததுபோல் இருந்துவிடாதீர்கள். எழுந்திருங்கள்.